இதில் என்ன சரக்கு இருக்கிறது?

கலை பற்றி நம்மிடையே நடக்கும் பேச்செல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது: ‘இதில் என்ன சரக்கு இருக்கிறது?’ கேட்கிறவர் முற்போக்காளராக இருக்கலாம், பண்டிதராக இருக்கலாம், சங்கீத சபாவில் ஆயுள் உறுப்பினராக இருக்கலாம். கேள்வி மாறுவதில்லை. பதிலை எதிர்பார்த்துக் கேட்பதுமில்லை. ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு, அந்தத் தீர்மானத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டு மரியாதைப்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

மீகோஸ் என்ற மூவர் குழுவின் முதல் ஆல்பமான ‘யங் ரிச் நேஷன்’ எனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று சில நண்பர்களிடம் சொல்லப்போய் இந்தக் கேள்வியை எல்லாத் திசையிலிருந்தும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பணம், கார், கொக்கைன், நகை, பெண் – இதைத் தவிர அதில் என்ன இருக்கிறது என்றார் ஒருவர். அவர் பட்டியல் சரி. பட்டியலில் இருப்பதெல்லாம் அந்த ஆல்பத்தில் இருக்கிறது. ஆனால் பட்டியல் போட்டு முடித்ததும் ஆல்பத்தைக் கேட்டு முடித்துவிட்டதாக அவர் நினைப்பதுதான் எனக்குப் பிரச்சினை.

முதலில் விவரங்கள். ட்ராப் என்றால் கண்ணி. அமெரிக்கத் தெற்கில் அட்லாண்டா நகரத்துப் பேச்சில் அது போதைப்பொருள் விற்கும் வீட்டைக் குறிக்கும். 2003இல் டி.ஐ. தன் ஆல்பத்துக்கே ‘ட்ராப் மியூசிக்’ என்று பெயர் வைத்தார்; 2005இல் குச்சி மேனின் ‘ட்ராப் ஹவுஸ்’ வந்தது; வீட்டின் பெயர் ஒரு இசையின் பெயராயிற்று. ஜப்பானிய ரோலண்ட் கம்பெனி 1980இல் கொண்டுவந்து, விலைபோகாமல் சில வருஷங்களிலேயே கைவிட்ட 808 என்ற தாள இயந்திரத்தின் அடிவயிற்றை அதிரவைக்கும் அடி, அதன்மேல் பொடிப்பொடியாக உதிரும் தகட்டுச் சப்தம், பெரும்பாலும் சோகச் சாயலுள்ள ஒரு கீபோர்டு வரி – இவ்வளவுதான் இதன் வாத்திய சம்பத்து.

மீகோஸின் க்வேவோ, ஆஃப்செட், டேக்ஆஃப் மூவரும் அட்லாண்டாவுக்கு வடகிழக்கே க்வினெட் கவுண்டியில் வளர்ந்தவர்கள். க்வேவோ டேக்ஆஃபுக்குத் தாய்மாமன். வயது வித்தியாசம் மூன்றே வருஷம். க்வினெட் சேரி அல்ல, புறநகர். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ராப்புக்குப் பரிந்துபேச வரும் சமூகவியல் நண்பர்கள், ‘இது ஒடுக்கப்பட்ட சேரியின் குரல், ஆகவே மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு வருகிறார்கள். வைகிறவர்களைவிட இவர்கள் மோசம். வைகிறவர் காதால் கேட்டுப் பிடிக்கவில்லை என்கிறார். இவர்கள் கேட்பதே இல்லை. கறுப்பு இளைஞன் ஒருவன் வாயைத் திறந்ததும் அதிலிருந்து ஒரு புள்ளிவிவரம் விழும் என்று கையேந்தி நிற்கிறார்கள். அவன் ஒரு சொல்லை எங்கே வெட்டினான், எங்கே மூச்சு வாங்கினான், ஏன் அங்கே என்பதெல்லாம் இவர்கள் பிரக்ஞைக்கு எட்டுவதில்லை.

ஆல்பம் 2015 ஜூலை 31இல் வெளிவந்தது. அதற்கு முன் 2013இல் இலவசமாகப் பரவிய அவர்களுடைய தொகுப்புக்கு ஒய்.ஆர்.என். என்று பெயர். மூன்றாவது எழுத்து, கறுப்பர்களை இழிவுசெய்ய வெள்ளையர் பயன்படுத்தி, பின்னர் கறுப்பர்களே தங்களுக்குள் எடுத்துக்கொண்ட அந்தச் சொல்லைக் குறித்தது. கம்பெனி ஆல்பமாகக் கடைக்கு வந்தபோது அதே எழுத்து ‘நேஷன்’ ஆகிவிட்டது. வசைச்சொல் இருந்த இடத்தில் தேசம்! எதிர்பார்த்த விற்பனை இல்லை. பில்போர்ட் பட்டியலில் முதல் பத்துக்குள்கூட ஏறவில்லை. போதாததற்கு, அந்த ஏப்ரலில் ஜார்ஜியாவில் ஒரு பல்கலைக்கழகக் கச்சேரிக்குப் பிறகு மூவரும் கைதாகி, ஆஃப்செட்டுக்கு மட்டும் ஜாமீன் மறுக்கப்பட்டிருந்தது. ஆல்பம் வெளிவந்த அன்று அவர் சிறையில். ஒன்றரை வருஷம் கழித்து, 2017 ஜனவரியில் ‘பேட் அண்ட் பூஜீ’ முதலிடம் பிடித்து, கோல்டன் குளோப் மேடையில் டொனால்ட் குளோவர் அவர்களுக்கு நன்றி சொன்ன பிறகு, எல்லோருக்கும் காது கேட்க ஆரம்பித்தது. நான் பேசுவது அதற்கு முந்திய, யாரும் சான்றிதழ் தராத ஆல்பத்தைப் பற்றி.

அதில் என்ன நடக்கிறது? நாலு எண்ணிக்கையில் ஓடும் தாளத்தின் ஒவ்வொரு அடியையும் மூன்றாக வகிர்ந்து சொற்களை அதில் அடைக்கிறார்கள். நம் மிருதங்கக்காரர் இதைத் திஸ்ர நடை என்பார்: தகிட தகிட தகிட தகிட. உடனே, ‘இது நம்மிடம் இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறது’ என்று யாரும் மார்தட்டிக் கிளம்பிவிட வேண்டாம். மூன்று என்ற எண் யாருடைய பாட்டன் சொத்துமல்ல. ராப்பிலேயே மெம்ஃபிஸின் த்ரீ சிக்ஸ் மாஃபியா குழுவைச் சேர்ந்த லார்ட் இன்ஃபமஸ் 1990களில் இதைச் செய்தார். அவருக்கு அது ஒரு வேகம், ஒரு பயமுறுத்தல். மீகோஸ் அதை அஸ்திவாரமாக்கினார்கள். முழுப் பாட்டும் அதன்மேல் நிற்கிறது. நாலுக்கும் மூன்றுக்கும் இடையே தீராத ஒரு உராய்வு. கேட்பவனின் கால் நாலில் தட்டுகிறது, நாக்கு மூன்றில் ஓடுகிறது. இந்த ஆல்பத்தின் ஈர்ப்பு முதலில் உடம்பில் நிகழ்கிறது. அர்த்தம் பிறகு வருகிறது, வந்தால்.

2013இல் இவர்களை வெளியே தெரியவைத்த ‘வெர்சாச்சி’ என்ற பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு இத்தாலிய உடைக் கம்பெனியின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பல்லவியில் வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். நுகர்வுக் கலாசாரத்தின் சீரழிவு என்றார் நம் நண்பர். நாலாவது தடவை வரும்போது அது கம்பெனியின் பெயராகத்தான் இருக்கிறது. பத்தாவது தடவையில் சட்டையும் இல்லை, கம்பெனியும் இல்லை; வெர்-சா-ச்சி என்று மூன்று துண்டுச் சப்தம், ஒரு சொற்கட்டு. விளம்பரக்காரன் கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு சொல்லுக்குள் அடைத்துவைத்த ஆசையை இவர்கள் உதறி உதறிக் கொட்டிவிடுகிறார்கள். இதை அவர்கள் திட்டமிட்டார்களா என்று கேட்காதீர்கள். சிருஷ்டியைத் திட்டத்தைக் கொண்டு அளப்பது ஐந்தாண்டுத் திட்டக்காரர்களின் வேலை. ஆல்பத்தில் இந்த முறை இன்னும் இறுகியிருக்கிறது. ‘பைப் இட் அப்’ பாட்டில் தலைப்புச் சொற்களே சம்மட்டியாகிவிடுகின்றன.

இன்னொன்று, எனக்கு இதைவிட முக்கியமானது: பின்குரல்கள். ஒருவர் ஒரு வரியை முடிப்பதற்குள் மற்ற இருவர் ஒரு சொல்லை, ஒரு உறுமலை, கார் சக்கரம் தார் ரோட்டில் தேயும் சப்தத்தை எறிகிறார்கள். நம் வில்லுப்பாட்டில் ஆமாம் போடுகிறவர் கதையை ஒப்புக்கொண்டு முன்னே தள்ளிவிடுகிறார். இவர்கள் ஒப்புக்கொள்வதில்லை, சில சமயம் கேலி செய்கிறார்கள், சில சமயம் வரியில் இல்லாத ஒரு பொருளைக் கையில் திணித்துவிட்டுப் போகிறார்கள். வரிக்குப் பக்கத்தில் இன்னொரு பிரதி ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று குரல்களும் மூன்று விதம்: க்வேவோ சொல்லைப் பாட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டே போவார், ஆஃப்செட் கத்தரிப்பார், டேக்ஆஃப் கனத்த குரலில், அலட்டிக்கொள்ளாமல், மூவரில் மிகச் சிக்கலானதைச் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார். தயாரிப்பாளர்களில் ஒருவரான ஸேடோவன் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். அவருடைய கீபோர்டில் அந்த சர்ச் கூடம் கேட்கிறது, போதைப்பொருள் வீட்டின் சுவர்களுக்குள். அச்சிட்ட வார்த்தைத் தாளில் இது எதுவும் கிடையாது. தாளை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறவர் நாடகத்தைப் பார்க்காமல் நோட்டீசைப் படித்து விமர்சனம் எழுதுகிறவர்.

இது வெறும் ரசனைத் தகராறாக இருந்தால் நான் இத்தனை மையைச் செலவழித்திருக்க மாட்டேன். சரக்கைத் தேடும் இந்தக் கண், கோர்ட்டில் ஆளைச் சிறைக்கு அனுப்புகிறது. ‘யங் ரிச் நேஷன்’ ஆல்பத்தில் ‘கொக்கைனா’ என்ற பாட்டில் விருந்தாளியாக வரும் யங் தக், 2022 மே மாதம் அட்லாண்டாவில் 27 பேரோடு சேர்த்துக் குற்றம்சாட்டப்பட்டார். குற்றப்பத்திரிகையில் பாட்டு வரிகள் ஆதாரமாக வைக்கப்பட்டன. பாட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதைப் பயன்படுத்தத்தான் செய்வேன் என்கிற மாதிரி மாவட்ட அரசு வழக்கறிஞர் பகிரங்கமாகவே பேசினார். 2023 நவம்பரில் நீதிபதி 17 பாட்டுப் பகுதிகளை நிபந்தனையோடு அனுமதித்தார். யங் தக் 2024 அக்டோபர் 31இல் சில குற்றங்களை ஏற்றுக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பின் கீழ் வெளியே வந்தார். அவர் செய்தாரா இல்லையா என்பது என் விஷயமல்ல. பாட்டை எப்படி வாசித்தார்கள் என்பதே என் விஷயம். ‘நான்’ என்று ஒரு வரி ஆரம்பித்தால் அது கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். எதுகைக்காக வந்த துப்பாக்கி பறிமுதல் செய்யப்பட்ட துப்பாக்கி. ‘யங் ரிச் நேஷன்’ ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு ‘மெமாயர்ஸ்’ என்று பெயர், நினைவுக் குறிப்புகள்! அரசு வழக்கறிஞருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

மறுபக்கமும் உண்டு. 2014இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், 13 பக்க ராப் வரிகளை ஜூரிகளுக்குப் படித்துக்காட்டிப் பெற்ற ஒரு தண்டனையைத் தள்ளுபடி செய்தது. பாப் மார்லி நிஜமாகவே ஒரு ஷெரிஃபைச் சுட்டதாகவோ, எட்கர் ஆலன் போ ஒருவனைத் தரைப்பலகைக்கு அடியில் புதைத்ததாகவோ யாரும் எண்ணமாட்டார்கள் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 2022இல் கலிபோர்னியா இதற்கென்று ஒரு சட்டமே இயற்றிக் கட்டுப்பாடு விதித்தது. நம் விமர்சகர்களில் பாதிப்பேர் அந்த நீதிபதிகளின் இலக்கிய அறிவுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ‘இந்தக் கவிஞன் சொந்த வாழ்க்கையில் அப்படியா?’ என்று விசாரித்துக்கொண்டு திரிகிறவர்களும் அரசு வழக்கறிஞரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒருவர் கையில் சம்மன் இருக்கிறது, மற்றவர் கையில் இல்லை.

ஆல்பம் குறையற்றது என்று நான் வாதாடவில்லை. 15 பாட்டு அதற்குத் தாங்காது, நாலைந்தை எடுத்துவிடலாம். கிறிஸ் பிரவுனைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்த ‘ஜஸ்ட் ஃபார் டுநைட்’ வானொலிக்காகச் சமைத்தது என்பது கேட்ட மாத்திரத்தில் தெரிகிறது. பெண்களைப் பற்றி வாய்திறக்கும் இடமெல்லாம் வறட்சி. இதை ஒழுக்கக் குறை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அவர்களைத் தப்பவிடுவதாகும். அந்த இடங்களில் லயமும் சோம்பிவிடுகிறது, பின்குரல்களும் பழக்கத்துக்கு வந்து போகின்றன. பார்க்காத ஒன்றைப் பற்றிப் பேசும்போது காதும் மந்தமாகிவிடுகிறது. முற்போக்கு நண்பர் இந்த வழியாக வந்திருந்தால் அவரோடு எனக்குப் பேச நிறைய இருந்திருக்கும். அவரோ வாசலிலேயே சோதனைச் சாவடி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

டேக்ஆஃப் 2022 நவம்பர் 1ஆம் தேதி ஹூஸ்டனில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 28. பாட்டிலும் துப்பாக்கி, சாவிலும் துப்பாக்கி என்று கணக்கை நேர்செய்து காட்டினார் எனக்குத் தெரிந்த ஒருவர், ஏதோ நீதிக் கதை முடிந்ததைப்போல. அங்கே நடந்த தகராறில் அவருக்குச் சம்பந்தமே இல்லை, சும்மா நின்றுகொண்டிருந்தவர் என்று ஹூஸ்டன் போலீசே சொன்னது. போலீசுக்குத் தெரிந்தது ரசிக சிகாமணிக்குத் தெரியவில்லை. செத்த பிறகு அவர்தான் மூவரிலும் பெரிய கலைஞர் என்று இரங்கல் எழுதியவர்களும் உண்டு. உயிரோடிருந்தபோது, அவர் இல்லாத ‘பேட் அண்ட் பூஜீ’யை வைத்துத்தான் உலகம் மீகோஸைக் கொண்டாடியது. ‘யங் ரிச் நேஷன்’ ஆல்பத்தில் அவர் இருக்கிறார், பாட்டுக்குப் பாட்டு. அங்கே போய்க் கேட்க யாருக்கும் அப்போது நேரமில்லை.

மறுப்பு எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம். நானும் பதில் எழுதத் தயார். ஒரு நிபந்தனை மட்டும். வார்த்தைத் தாளைக் கீழே வைத்துவிட்டு ‘பைப் இட் அப்’ பாட்டை மூன்று தடவை கேளுங்கள். எந்தக் குரல் எந்த இடத்தில் நாலைவிட்டு மூன்றுக்குத் தாவுகிறது, பின்னால் கத்துகிறவர் யார், அவர் முன்னால் பாடுகிறவரோடு சேர்ந்துகொள்கிறாரா சண்டைபோடுகிறாரா என்பதை முதல் பத்தியில் எழுதிவிட்டு, மற்றதை இரண்டாவது பத்தியில் ஆரம்பியுங்கள்.