பெட்டைக்குட்டிக்குத் தடிமன்



இம்மாதம் நுண்கடன் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். அந்தக் குறிப்புகள் மேசையிலேயே கிடக்கின்றன. கடந்த மார்கழி மழையில் என்னிடம் வந்து சேர்ந்த ஒரு பூனைக்குட்டியும், அதன் கூடப்பிறந்த குட்டிக்கு நேர்ந்ததும் என்னை வேறொன்றை எழுத விடவில்லை.

கல்லடியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு ஒழுங்கையின் தொங்கலில் ஒரு சந்தைப் பை நனைந்து கிடந்தது. உள்ளே மூன்று குட்டிகள். ஒன்று ஏற்கெனவே இறந்திருந்தது. மிஞ்சிய இரண்டில் ஒன்று கடுவன், மற்றது பெட்டை. எங்கள் சுயதொழில் குழுவில் மிளகாய்த்தூள் அரைத்துப் பொதிசெய்து விற்கும் அக்கா கடுவனை உடனே தூக்கிக்கொண்டார். "எலி பிடிக்கும், குட்டி போட்டு வீட்டை நிறைக்காது" என்றார். பெட்டையை ஒருவரும் கேட்கவில்லை. சந்தையடியிலும் கோயிலடியிலும் பையில் கட்டி விடப்பட்டு நான் கண்டவை பெரும்பாலும் பெட்டைக்குட்டிகள்தான். சமூகவியல் படித்தவள் என்பதற்காக இதற்கு நான் விளக்கவுரை எழுதத் தேவையில்லை. உங்களுக்கே தெரியும்.

முன்பற்கள் முளைத்திருந்தன, கண்ணின் நீலம் இன்னும் மாறவில்லை. ஐந்து கிழமைக் குட்டியாக இருக்கலாம் என்று கணித்தோம். மூன்றாம் நாள் தும்மத் தொடங்கியது. அடுத்தநாள் இரண்டு கண்களும் பீளையால் ஒட்டிவிட்டன. மூக்கில் மஞ்சள் சளி, மூச்சில் கரகரப்பு. முதல்நாள் பாய்ந்து தின்ற மீனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரவு தொட்டபோது உடம்பு நெருப்பாய்ச் சுட்டது.

வீட்டுக்கார அக்காவின் மகளுக்கு முட்டு வருத்தம் இருப்பதால் அவர்கள் வீட்டில் பனடோல் சிரப் எப்போதும் இருக்கும். அதை வாங்கி அரை மில்லிலீற்றர் அளவு சிறிஞ்சில் எடுத்தும்விட்டேன். சின்னப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதானே என்ற நினைப்பு. அளவு சரிதானா என்று கேட்கத்தான் பேராதனையில் மிருக வைத்தியம் படித்த என் சிநேகிதிக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் சொல்லி முடிக்கவில்லை, "முதல்ல அந்தச் சிறிஞ்சைக் கீழே வையடி" என்றாள்.

பனடோலில் இருக்கும் பரசிற்றமோலைத் தீங்கில்லாமல் மாற்றி வெளியேற்றும் வசதி எங்கள் ஈரலில் இருக்கிறது. பூனையின் ஈரலில் அந்த வசதி மிகவும் குறைவு. மருந்து நஞ்சாக மாறி இரத்தத்தின் செங்கலங்களைக் கெடுக்கிறது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் கபில நிறமாகிறது. முகமும் பாதங்களும் வீங்குகின்றன. வளர்ந்த பூனையையே ஒரு குளிசை கொன்றுவிடும் என்றாள். பூனைக்குப் பனடோலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

சிறிஞ்சில் இருந்ததைக் குசினித் தொட்டியில் ஊற்றிவிட்டு மறுநாள் விடியவே அந்த அக்காவிடம் ஓடினேன். அவருடைய கடுவனுக்கும் அதே தடிமன். முதல்நாள் பின்னேரம் கால் குளிசை பனடோலைச் சீனித் தண்ணீரில் கரைத்துப் பருக்கியிருந்தார். குட்டியின் முகம் ஊதியிருந்தது. முரசு தேயிலைச் சாயம்போல் கிடந்தது. நேரத்தோடு கொண்டுபோனால் மாற்று மருந்து கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, மழைவெள்ளம். நாங்கள் ஏறிய ஓட்டோ கல்லடிப் பாலத்தைத் தாண்டுமுன் அது என் மடியிலேயே செத்துப்போனது.

"தடிமன் முத்திப்போச்சு" என்றார் அக்கா. முருங்கைக்குக் கீழே குழி வெட்டினார். நான் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை என் குட்டியை வைத்தியரிடம் காட்டினேன். பூனைக்கு வரும் தடிமனுக்குப் பெரும்பாலும் ஹெர்பிஸ், கலிசி என்ற இரண்டு வைரசுகள் காரணமாம். வைரசைக் கொல்வதற்கல்ல, அதன்மேல் வந்து சேரும் பக்ரீரியாவுக்காகத்தான் அன்டிபயோட்டிக் தருகிறார்கள். குட்டியை நிறுத்து, டொக்சிசைக்ளின் மருந்தைத் திரவமாகத் தந்தார். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பிள்ளைகளின் அமொக்சிசிலினைக் கண்ணளவில் கொடுக்க வேண்டாம் என்று கேட்காமலே சொன்னார். எத்தனை பேரைக் கண்டிருப்பாரோ! மருந்து பாதி வேலைதான், மீதி உங்கள் கையில் என்று அனுப்பிவைத்தார்.

அந்த மீதியைச் சொல்கிறேன். பூனை வாசத்தை நம்பித்தான் உண்கிறது. மூக்கு அடைத்தால் தட்டில் இருப்பது உணவென்றே அதற்குத் தெரியாது. இந்தச் சின்ன வயதில் ஒருநாள் சாப்பிடாவிட்டாலே உயிர் ஊசலாடும். ஆகவே முதலில் மூக்கு. பாமசியில் வாங்கிய சேலைனில் பஞ்சை நனைத்து, காய்ந்த சளி ஊறும்வரை வைத்துத் துடைத்தேன். கண்ணை மூக்குப் பக்க மூலையிலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சு. குளியலறையில் கொதிநீர்ச் சட்டியை வைத்துக் கதவைச் சாத்தி, எட்டத்தில் கூடைக்குள் குட்டியோடு பத்து நிமிடம் இருந்தேன். சட்டிக்கு மேலே பிடிக்கக் கூடாது. விக்ஸ், கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் எதுவும் கூடாது. அவையும் பூனைக்கு நஞ்சு.

பிறகு சூடு. போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, துவாயால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தேன், சுட்டால் விலகிப் படுக்க இடமிருக்க வேண்டுமே. உடம்பு குளிர்ந்திருக்கும் குட்டிக்குச் சாப்பாடு தீத்தக் கூடாது, சமிக்காது. முதலில் சூடேற்றி, பிறகுதான் உணவு. பசுப்பாலும் மாப்பாலும் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். சூடை மீனை உப்பும் வெங்காயமும் போடாமல் அவித்து, முள்ளெடுத்து, அந்த அவித்த தண்ணீரிலேயே மசித்து, இளஞ்சூட்டில் கொடுத்தேன். வீடெல்லாம் மணந்தது. அந்த மணம்தான் வேண்டியது. (நீண்ட நாளைக்கு மீன் மட்டும் போதாது, குட்டிகளுக்கான தீனியையும் ஊறவைத்துக் கலக்க வேண்டும்.) தானாக உண்ணாதபோது சிறிஞ்சால் கடைவாய்ப் பக்கமாகத் துளித்துளியாய், குட்டி வயிறு கீழே இருக்க நிற்கும் நிலையில். கைப்பிள்ளையைப்போல் மல்லாத்திப் பிடித்துப் பருக்கினால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினாலோ, முரசு வெளுத்தாலோ நீலித்தாலோ வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது, உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, எட்டு இரவுகள் இப்படிப் போயின. கந்தோரில் கண் சொருகியபோது காரணத்தைச் சொன்னேன், சிரித்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். கோபப்படவில்லை, எனக்கும் ஒரு கிழமைக்கு முன் அது சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்கார அக்காவின் பயம் வேறு. இந்தத் தடிமன் மகளுக்குத் தொற்றுமா? இந்த வைரசுகள் மனிதருக்கு வருவதில்லை. ஆனால் பூனையின் தோற்பொடியும் எச்சிலும் சிலருக்கு முட்டை வரவழைக்கும் என்பதால் குட்டியைப் பின்னறையிலேயே வைத்தேன். அவர்கள் பக்கம் போகுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பிள்ளை யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்கும்.

குட்டி தேறுகிறதா என்பதற்கு நம்பகமான சாட்சி தராசுதான் என்று சிநேகிதி சொல்லியிருந்தாள். கிராம் கணக்கில் நிறுக்கும் தராசு எங்கள் ஒழுங்கையில் ஒரே இடத்தில்தான் உண்டு, மிளகாய்த்தூள் அக்காவிடம். தினமும் காலையில் அங்கே போனேன். முதல்நாள் 385 கிராம், மறுநாள் 380. அவரே கலண்டரில் எழுதிவைப்பார். தூள் நெடியில் குட்டி தும்மினால் "தடிமனா, மிளகாயா?" என்று கேட்டு முந்தானையால் விசிறுவார். ஆறாம் நாள் 410. அதை எழுதிவிட்டுத் திரும்பாமலே கேட்டார்.

"ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளையள். ஒரே வருத்தம். உன்ட குட்டி தப்பிற்று, என்ட குட்டி ஏன் புள்ள போச்சு?"

சொல்லிவிட்டேன். நானும் சிறிஞ்சில் எடுத்தவள்தான், அளவு கேட்கப் போனதால் தப்பினேன் என்பதையும் சொன்னேன். அவர் நிறையநேரம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பொதிகளை ஒட்டினார். பிறகு, "பூனைக்குக் குடுக்கக் கூடாதெண்டு அதில எழுதியிருக்கா?" என்றார். வீட்டுக்குப் போய்ச் சிரப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் எழுதியிருக்கவில்லை.

இரண்டு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் தராசையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். குட்டியை நிறுத்து முடிந்ததும், "நீ அந்தப் புத்தகத்தில எழுதுறதானே, இதையும் எழுது. என்ட பேரை மட்டும் போடாத" என்றார். அந்தச் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

குட்டி இப்போது ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. எட்டுக் கிழமையானதும் முதல் தடுப்பூசி போட்டோம். இந்த ஊசி தடிமனை முற்றாகத் தடுக்காது, ஆனால் கடுமையைக் குறைக்கும். கிழமைக் கணக்கில் இடைவெளி விட்டு இன்னும் ஊசிகள் இருக்கின்றன, மூன்று மாதமானதும் விசர்நோய்க்கான ஊசியும் போட வேண்டும். ஹெர்பிஸ் உடம்பில் தங்கிவிடும் வைரஸ் என்பதால், பயந்தாலோ வீடு மாறினாலோ மறுபடி தும்மக்கூடும் என்றார் வைத்தியர்.

போன கிழமை அக்கா வந்து குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டைக்குக் குட்டி போடாமல் செய்கிற ஒப்பரேசனுக்கு எவ்வளவு முடியும் என்று விசாரித்தார்.