நாலு ஸ்ட்ரிங் போதும், சார்!

கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசைக் குழு வாசிக்கும்போது நீங்கள் யாரைப் பார்ப்பீர்கள்? பாடகியை. அவர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில்? டிரம்ஸ் பையனை. அவனும் சும்மா இருந்தால் பந்திக்கு எழுந்து போய்விடுவீர்கள். டிரம்ஸுக்கும் திரைச்சீலைக்கும் நடுவே, நீளமான கிட்டாரை மாட்டிக்கொண்டு, மூன்று மாச வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி தலை குனிந்தபடி ஒருவன் நிற்பானே... அடியேன்தான் அது.

பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். சாதாரண கிட்டாருக்கு ஆறு ஸ்ட்ரிங், இதற்கு நாலு. ''ரெண்டு கம்பி அறுந்துபோச்சா தம்பி?'' என்று மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் பரிவோடு விசாரிப்பார்கள். ''ஆமாம் சார், நாளைக்குக் கட்டிடணும்'' என்று சொல்லிவிடுவேன். விளக்கினால் அவருக்குச் சாப்பாடு ஆறிவிடும்.

படித்தது பி.காம். வார நாள்களில் இந்த மாதிரி பத்தி எழுதிப் பிழைப்பு. முகூர்த்த நாள்களில் பேஸ். பன்னிரண்டு வருஷமாக நான் வாசித்தது சொந்த கிட்டார் இல்லை. எனக்கு முன்னால் குழுவில் வாசித்த மாஸ்டருடையது. அவருக்குக் கை நடுக்கம் வந்தபோது, ''வச்சுக்கோ. கேக்கறப்ப குடு'' என்று என்னிடம் தந்தார். போன வருஷம் கேட்டார். பேரன் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறானாம். துடைத்து, புது உறை போட்டு, கொண்டு போய்க் கொடுத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் தோள் லேசாக இருந்தது. மனசு அப்படி இல்லை.

சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். வீட்டில் வாஷிங் மெஷினுக்கென்று சேர்த்து வைத்திருந்த 35,000 ரூபாய் இருந்தது. என் மனைவி அதை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: ''வாங்குங்க. ஆனா ஒரு தடவைதான்.''

கோர்ட்டில்கூட அப்பீல் உண்டு!

* * *

கடைக்குப் போனேன். வரிசையாகத் தொங்கின. அவற்றின் நடுவே ஒன்று, பாலிஷ் போட்ட மரத்தில், ஐந்து ஸ்ட்ரிங்கோடு, உள்ளே பேட்டரி போடுகிற ஆக்டிவ் ரகம். கடைப் பையன் அதை மாட்டிக்கொண்டு கட்டை விரலால் ஓங்கி அடித்தான், ஆள்காட்டி விரலால் சுண்டினான். ஸ்லாப் வாசிப்பு! பேஸ் குமிழும் டிரெபிள் குமிழும் உச்சத்தில், நடுவில் இருக்கும் மிட் குமிழ் பாதாளத்தில். கடையின் கண்ணாடி அலமாரி நடுங்கியது. வயலின் வாங்க வந்த ஒரு மாமி மிருதங்கப் பக்கம் ஒதுங்கினார்.

அந்த நிமிஷம் நான் கேட்டது சத்தத்தை இல்லை. அந்த கிட்டாரோடு மேடையின் முன்வரிசையில் நிற்கிற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜி.எஸ்.டி. உள்பட 35,000. பில் போட்டாயிற்று.

வீட்டில் தனியாக வாசித்தபோது அபாரம். முதல் ரிசப்ஷனில், காணோம்! வாசிக்கிறேன், விரல் வலிக்கிறது, சத்தம் மட்டும் எங்கேயோ போய்விட்டது. வால்யூமை ஏற்றினேன். குடோனில் மூட்டை உருட்டுகிற மாதிரி 'குமுகுமு'வென்று ஒரு அதிர்வு. என்ன ஸ்வரம் என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது ரிசப்ஷனில் இன்னும் விசேஷம். டூயட் பாதியில் சத்தம் கரகரத்து, இருமி, உயிரை விட்டது. முதல் நாள் ராத்திரி கேபிளைக் கழற்றாமல் தூங்கிவிட்டேன். இந்த ரக கிட்டார்கள் பலவற்றில் கேபிள் செருகியிருந்தாலே பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும். ஒன்பது வோல்ட் பேட்டரி அந்தத் தம்பதியை வாழ்த்திவிட்டு விடைபெற்றது. தப்பு என்னுடையதுதான்.

நிகழ்ச்சி முடிந்ததும் குழுத் தலைவர் தனியாகக் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ''அடுத்த மாசம் ரெண்டு முகூர்த்தம் இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணிக்க. இல்லேன்னா கீபோர்டுலயே பேஸைப் போட்டுக்கறோம். உனக்கும் அலைச்சல் மிச்சம்.''

கீபோர்டுக்காரரின் இடது கை! பன்னிரண்டு வருஷத்து ஆசாமிக்கு அதுதான் மாற்று.

* * *

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். புது கிட்டாரைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

''என்ன வாங்கினேங்கறது இருக்கட்டும். நீ எப்படி வாசிக்கறே, அதைச் சொல்லு.''

முழித்தேன். பன்னிரண்டு வருஷம் வாசித்தவனுக்கு, தான் எப்படி வாசிக்கிறோம் என்று சொல்லத் தெரியவில்லை. உங்களை யாராவது, 'நீங்க எப்படி நடக்கறீங்க?' என்று கேட்டால் சொல்வீர்களா? அந்த மாதிரி.

''ஆம்ப்ளிஃபையர் வேண்டாம். சும்மா வாசி'' என்று கண்ணை மூடிக்கொண்டார். நாலு பாட்டு வாசித்தேன்.

''ரெண்டு விரல்ல வாசிக்கறே. மெத்துனு தொடறே. கழுத்து முடியற இடத்துகிட்டயே கை நிக்குது. ஒரு ஸ்வரத்தைத் தொட்டா நீளமா நிறுத்தறே. பன்னெண்டாவது ஃப்ரெட்டைத் தாண்டி மேல போகவே மாட்டேங்கறே. ஸ்லாப் ஒரு இடத்துலயும் இல்ல. சரி, அந்த அஞ்சாவது ஸ்ட்ரிங்கை எத்தனை தடவை வாசிச்சே?''

''வாசிக்கலை மாஸ்டர். கட்டை விரலை அதுமேல வச்சுக்கிட்டேன்.''

''கட்டை விரல் வைக்க முப்பத்தஞ்சாயிரமா?''

பேரன் சிரித்தான். மடியில் என் பழைய... மன்னிக்கவும், அவனுடைய கிட்டார்.

* * *

அதற்குப் பிறகு மாஸ்டர் சொன்னதையும், நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பேஸ் கிட்டாரின் அடி ஸ்ட்ரிங்கைச் சும்மா தட்டினால் விநாடிக்கு சுமார் 41 அதிர்வுகள். உங்கள் செல்போன் ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. ஆகவே, போனில் வீடியோ பார்த்து 'ஆஹா, என்ன சவுண்டு!' என்று கிட்டாரைத் தேர்ந்தெடுப்பது, போட்டோவை முகர்ந்து சாம்பார் ருசி பார்ப்பது போல.

கூட்டத்தில் பேஸைக் காதுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அடிச் சத்தமும் இல்லை, உச்சிச் சத்தமும் இல்லை. நடுச் சத்தம். கடைப் பையன் பாதாளத்தில் வைத்தானே, அந்த மிட்! அதைக் குறைத்தால் தனியாகக் கேட்க ஜோராக இருக்கும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தவுடன் அடிச் சத்தத்தை டிரம்ஸ் விழுங்கும், உச்சியை சிம்பல்ஸ் விழுங்கும். மிச்சம் இருப்பது நீங்களும் உங்கள் இ.எம்.ஐ.யும்.

அடுத்து, கை நிற்கும் இடம். பிரிட்ஜ் பக்கம் தட்டினால் கறாராக, தெளிவாக ஒலிக்கும். கழுத்துப் பக்கம் தட்டினால் உருண்டு, கனிந்து வரும். பிக்கப் எனப்படும் காந்தச் சுருள் எங்கே பதிந்திருக்கிறதோ, அதற்கும் இதே கணக்குதான். எனவே சத்தம் பிடிக்கவில்லையென்றால் முதலில் கையை நாலு அங்குலம் நகர்த்திப் பாருங்கள். செலவு பூஜ்யம். அடுத்து ஸ்ட்ரிங்கை மாற்றுங்கள். வரிவரியாக இருக்கும் ரவுண்ட்வூண்ட் பளீரென்று ஒலிக்கும். வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் 'தும்' என்று அடங்கி ஒலிக்கும். இதெல்லாம் பார்த்த பிறகுதான் கிட்டாரையே மாற்ற யோசிக்க வேண்டும்.

பெரிய ஆட்களைப் பாருங்கள். டெட்ராய்ட்டில் மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962-ம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். ஃப்ளாட்வூண்ட் ஸ்ட்ரிங். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். ஜாக்கோ பஸ்டோரியஸ் நேர் எதிர். ஃப்ரெட்டுகளே இல்லாத ஜாஸ் பேஸை வைத்துக்கொண்டு, பலகை தேயாமலிருக்க எபாக்ஸி பூசிக்கொண்டு, பிரிட்ஜ் பக்கம் கை வைத்துப் பாட வைத்தார். இவர் கிட்டாரை அவரிடம் கொடுத்திருந்தால் இருவருமே தலையைச் சொறிந்திருப்பார்கள்.

பட்ஜெட் ஆசாமிகளுக்கு பால் மெக்கார்ட்னி இருக்கிறார். 1961-ல் ஹாம்பர்கில் ஃபெண்டர் வாங்கக் கட்டுப்படியாகாமல், சுமார் 30 பவுண்டுக்கு வயலின் வடிவத்து ஹாஃப்னர் வாங்கினார். இடது கைக்காரர். இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் அசட்டுத்தனமாகத் தெரியாது என்பது இன்னொரு காரணம்! 1972-ல் அது திருடு போனது. கிடைத்துவிட்டதாக 2024-ல் அறிவித்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலான பிரிவு. மலிவாக வாங்கியதுதான், ஆனால் அவருடையது.

முதலில் சொன்ன பிரிசிஷன் பேஸ் 1951-ல் வந்தது. உருவாக்கிய லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் படித்தது என்ன தெரியுமா? அக்கவுண்ட்டிங்! நம்ம ஜாதி! கணக்கெழுதும் வேலை போனதும் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். வாசிக்கத் தெரியாததால் வாசிப்பவர்களிடம் கேட்டார், அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டுத் திருத்தினார். வாசிக்கத் தெரிந்த நான்தான் யாரையும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்து.

* * *

கிட்டாரை விற்றேன். 35,000 போட்டது 23,000-க்குப் போனது. எட்டு வாரத்தில் 12,000 தேய்மானம். பி.காம். பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் ஃபெயில் போட்டிருப்பார்கள்.

இந்தத் தடவை கடையில் என் வழக்கமான நாலு பாட்டை மட்டும் வாசித்தேன். குமிழ்களை எல்லாம் நடுவில் வைத்தேன். நின்றுகொண்டு, தோளில் மாட்டி, அரை மணி நேரம் வாசித்தேன். (மூன்று மணி நேர ரிசப்ஷனில் தோள்பட்டைக்குத்தான் முதலில் விமரிசனம் எழுதத் தோன்றும்.) யாராவது வாசித்துக் காட்டட்டுமா என்றால், 'வேண்டாம்' என்றேன். அவர் கையில் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வரப்போவது என் கை.

கடைசியில் கிடைத்தது பிரிசிஷன் மாடலில் செகண்ட் ஹேண்ட் ஒன்று, 17,000. நாலு ஸ்ட்ரிங், ஒரே பிக்கப், ரெண்டு குமிழ், பேட்டரி கிடையாது. ஃப்ளாட்வூண்ட் ஸ்ட்ரிங் 3,500. கழுத்தைச் சரிசெய்ய 1,000. மீதி 1,500-ஐ மனைவியிடம் நீட்டினேன். ''ஒரு தடவைன்னு சொன்னே. ரெண்டு தடவை ஆயிடுச்சு'' என்றேன்.

''முதல்ல ஏன் அதை வாங்கினீங்க?''

''எல்லாரும் என்னைப் பார்க்கணும்னு தோணிச்சு.''

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை எண்ணாமல் டப்பாவில் போட்டாள். துணி இன்னும் கல்லில்தான் துவைக்கப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை பெட்ஷீட்டுகள் மட்டும் அடியேன் பொறுப்பு.

உங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். மீட்டிங்கில் பேச மாட்டார், குரூப் போட்டோவில் ஓரத்தில் பாதித் தோள் மட்டும் தெரியும். அவர் லீவு போட்ட அன்றைக்கு ஒரு ஃபைலும் கிடைக்காது. சார், அவர்தான் உங்கள் ஆபீஸின் பேஸ் கிட்டார். நாளைக்கு அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

* * *

அந்த முகூர்த்தம் வந்தது. முதல் பாட்டில் முதல் ஸ்வரத்தைத் தொட்டேன். 'தும்.' டிரம்ஸ் பையன் சட்டென்று திரும்பிப் பார்த்து, ஒரு தரம் தலையாட்டினான். அவன் கால் அடியும் என் விரலும் ஒன்றாக விழுந்தன. கீபோர்டுக்காரரின் இடது கை மெள்ள மேலே ஏறி, வலது கைக்குத் துணையாகப் போய்விட்டது. மூன்றாவது பாட்டில் ஒரு குழந்தை எழுந்து ஆடியது. எதற்கு ஆடுகிறோம் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது குழுத் தலைவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு, அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய், மைக் செட்காரரின் தோளைத் தட்டினார்.

''பிரமாதம்யா! இன்னிக்கு ஆடியோ சூப்பர்!''