கட்டாய உருவங்களும் ஜான் கர்ரியும்

உலக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி மார்ச் மாதத்தில் முடிந்ததும் ஓய்வு அறிவிப்புகள் வரிசையாக வெளிவருவது வழக்கம். அவற்றைப் பற்றிய செய்திக் குறிப்புகள் இந்த வாரமும் பதக்கப் பட்டியலோடு நின்றுவிட்டன என்பதே இப்பத்தியின் எரிச்சலுக்குக் காரணம். இருபது வயதை எட்டுவதற்கு முன்பே போட்டியிலிருந்து விலகும் ஒருவருக்கு ஒரு முழு வாழ்க்கை எஞ்சியிருக்கிறது. அதை அவர் எந்தத் திறமையைக் கொண்டு நடத்தப்போகிறார் என்று எந்தக் குறிப்பும் கேட்பதில்லை. ரஷ்யாவின் யூலியா லிப்னிட்ஸ்கயா 2014 சோச்சி ஒலிம்பிக்கில் தம் 15ஆம் வயதில் அணிப் பிரிவுத் தங்கம் வென்று, உண்ணும் பழக்கம் சார்ந்த நோய்க்குச் சிகிச்சை பெற்று, 2017இல் 19 வயதில் விலகினார். 2018 ஒலிம்பிக்கில் 15 வயதில் தங்கம் வென்ற அலினா ஸகிடோவா, அடுத்த ஆண்டின் இறுதியில் போட்டிகளை நிறுத்திக்கொண்டார். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2022இல் மூத்தோர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 17ஆக உயர்த்த முடிவு செய்தது. நல்ல முடிவுதான், ஆனால் அந்த வயதுக்குள் உடலுக்கு எது கற்பிக்கப்படுகிறது என்ற கேள்வியை அது தொடவில்லை.

இப்பத்தியின் பழைய மனக்குறை ஒன்றுக்கு இக்கேள்வி நேராக இட்டுச்செல்கிறது. இந்த விளையாட்டுக்குப் பெயர் தந்ததே பனியில் வரையப்பட்ட உருவங்கள்தாம். கட்டாய உருவங்கள் எனப்பட்ட அப்பிரிவில், போட்டியாளர் இசையின்றி, சுத்தமான பனிப்பரப்பில், ஒற்றைக் காலில் நின்று, தம் உயரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விட்டமுள்ள வட்டங்களை எட்டு என்ற எண்ணின் வடிவில் இணைத்து வரைவார். பின் அதே தடத்தின் மேல் மீண்டும் செல்வார். ஸ்கேட்டிங் காலணியின் அடியிலுள்ள பிளேடு ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் தடிப்புடையது. அதன் நடுவே ஒரு பள்ளம் ஓடுவதால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூர்முனைகள் அமைகின்றன. உருவத்தின் ஒவ்வொரு பகுதியையும் அதற்குரிய ஒரே விளிம்பில் வரைய வேண்டும். உடல் கொஞ்சம் நிமிர்ந்து இரு விளிம்புகளும் ஒருசேரப் பட்டுவிட்டால் பனியில் இரட்டைக் கோடு விழும். போட்டியாளர் விலகியதும் நடுவர்கள் பனியில் இறங்கி, குனிந்து, சிலர் மண்டியிட்டும், அந்தக் கோட்டைப் பார்ப்பார்கள். இதற்கான பயிற்சியில் ஒவ்வொருவருக்கும் பனியில் ஒரு துண்டு ஒதுக்கப்படும். அத்துண்டும் அந்தப் பயிற்சி நேரமும் ‘பேட்ச்’ என்றே அழைக்கப்பட்டன.

ஒரு காலத்தில் மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் உருவங்களுக்கே இருந்தது அளவுக்கு மீறியதுதான். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் இசைக்கு ஆடும் சுதந்திரப் பிரிவில் ஏழாவதாக வந்த ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷூபா, உருவங்களில் பெற்ற முன்னிலையால் தங்கம் வென்றார். சுதந்திரப் பிரிவில் முதலிடம் பெற்ற அமெரிக்காவின் ஜேனட் லினுக்கு வெண்கலமே கிடைத்தது. தொலைக்காட்சியில் ஆட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது புரியவில்லை. மதிப்பெண் பங்கு குறைக்கப்பட்டது நியாயம். 1990க்குப் பிறகு அப்பிரிவை அடியோடு நீக்கியது அநியாயம். அவ்வாறு நீக்கியபோது இழந்தது எது என்பதற்கு ஜான் கர்ரியின் வாழ்வே சான்று.

1949இல் பர்மிங்காமில் பிறந்த கர்ரி, சிறுவயதில் பாலே கற்க ஆசைப்பட்டார். தந்தை அதை மறுத்து, விளையாட்டு என்பதால் ஸ்கேட்டிங்கை அனுமதித்தார். பின்னாளில் அமெரிக்காவில் கார்லோ ஃபாஸியிடம் பயின்ற அவர், 1976இல் ஐரோப்பியப் பட்டம், இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக் தங்கம், உலகப் பட்டம் மூன்றையும் ஒருசேர வென்றார். அவ்வெற்றியின்போதே அவர் தற்பாலீர்ப்பாளர் என்பதைப் பத்திரிகைகள் அவருடைய விருப்பத்தைக் கேளாமல் வெளியிட்டன. பளபளக்கும் உடையும் வேடிக்கையுமாக ஊர் ஊராகச் செல்லும் வழக்கமான பனிக் காட்சிகளில் அவருக்கு நாட்டமில்லை. அவர் அமைக்க விரும்பியது ஒரு நடனக் குழு. கென்னத் மெக்மில்லன், துவைலா தார்ப், பீட்டர் மார்ட்டின்ஸ் போன்ற நடன அமைப்பாளர்கள் அவருக்காகவும் அவருடைய குழுவினருக்காகவும் ஆட்டங்களை உருவாக்கினார்கள். 1976ஆம் ஆண்டு முடிவில் லண்டனின் கேம்பிரிட்ஜ் அரங்கில் தொடங்கிய அந்தப் பயணம், 1984இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அரங்கு வரை சென்றது.

நாடக மேடையில் பனி உறையவைக்கும்போது ஒலிம்பிக் களத்தின் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கிடைப்பதில்லை. ஓடிவந்து எழும்பும் பெரிய தாவல்களுக்கு அங்கு இடம் குறைவு. ஒரே உந்தலில் விளிம்பின் மேல் சாய்ந்து நெடுநேரம் செல்வதும், உடலை அசைக்காமல் திசை திரும்புவதும், பத்துப் பேர் ஒரே வளைவில் ஒன்றாகச் செல்வதுமே ஆட்டத்தின் மொழியாகின்றன. கர்ரி தம் குழுவினருக்கு நடத்திய வகுப்பு, பாலே நடனக்காரர்களின் அன்றாடப் பயிற்சியைப் போன்றது. ஆனால் அதன் அடித்தளம் விளிம்புப் பயிற்சி. போட்டியில் சலிப்பூட்டுவதாகக் கருதப்பட்ட அந்தப் ‘பேட்ச்’ நேரத்தின் உழைப்பே, போட்டி முடிந்த பின் அக்குழுவினருக்குக் கலையாயிற்று, பிழைப்பும் ஆயிற்று. மூன்று, நான்கு சுழற்சித் தாவல்கள் இளம் மூட்டுகளையும் இலேசான உடலையும் நம்பியிருப்பவை. விளிம்போ வயது ஏற ஏற ஆழமாகிறது. நாற்பதைத் தாண்டியவர்கள் ஒற்றைக் காலில் இடும் ஒரு நீண்ட வெளிவிளிம்பு வளைவில், பதினைந்து வயதினரிடம் காணக்கிடைக்காத அமைதி இருக்கிறது.

பணத்தட்டுப்பாடு அக்குழுவை விட்டதே இல்லை. 1980களின் நடுவில் அது கலைந்தது. 1987இல் எச்.ஐ.வி. தொற்று உறுதியானபின் கர்ரி இங்கிலாந்து திரும்பினார்; நோயை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசினார்; 1994 ஏப்ரல் 15 அன்று 44 வயதில் மறைந்தார். ஆயினும் அவருடைய குழுவில் ஆடிய நேத்தன் பர்ச்சும் டிம் மர்ஃபியும் 1988இல் ‘தி நெக்ஸ்ட் ஐஸ் ஏஜ்’ என்ற பனி நடனக் குழுவைத் தொடங்கினார்கள். கர்ரியின் குழுவிலேயே ஆடிய லோரி நிக்கல் நடன அமைப்பாளராகி, மிஷெல் குவான் 1996இல் உலகப் பட்டம் வென்ற ‘சலோமே’ ஆட்டத்தை அமைத்தார். குவானின் ஐந்து உலகப் பட்டங்களைப் பட்டியலிடும் குறிப்புகள் இந்த வழித்தொடர்ச்சியைச் சொல்வதில்லை.

உருவங்கள் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பது ஆறுதல். 2015இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில், தடம் வெள்ளைக் கோடாகத் தெளிவாகத் தெரிவதற்காகக் கறுப்பு நிறப் பனியில், உருவங்களுக்கென்றே தனிப் போட்டி நடத்தப்பட்டது. வயது வரம்பை உயர்த்திய சங்கம் இனி இளையோர் பிரிவிலாவது, சிறு மதிப்பெண் பங்குடனேனும், உருவங்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்குப் புதிய அரங்குகள் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் காலையில் ஒரு துண்டுப் பனியும், குனிந்து கோட்டைப் பார்க்கப் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும். அப்படிப்பட்ட ஆசிரியர்கள், போட்டியை விட்டு விலகியவர்களுள் இன்றும் இருக்கிறார்கள்.