கொள்ளைநோய்க் காலத்து மாரடைப்பு

கொள்ளைநோயொன்று நாட்டிற் புகுந்தால் அந்நோயால் இறந்தாரை எண்ணுதல் அரசின் கடனாகின்றது. அந்நோய் தம்மைத் தீண்டாதிருந்தும் அதன் பொருட்டு இறந்தாரை எண்ணுவார் அரியர். 2020 ஆம் ஆண்டில் உலகைச் சூழ்ந்த கொரோனாப் பெருந்தொற்று, மாரடைப்புற்றோரை வைத்தியசாலைக்கு எட்டாவண்ணம் தடுத்த வகையை ஈண்டு ஆராய விழைகின்றோம். மருத்துவம் எமது துறையன்று. தமிழ் கற்பித்தலே எமது தொழில். எனினும் இக்கேட்டில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டென்பது எமது துணிபாதலின் இதனை எழுதப் புகுந்தோம்.

மாரடைப்பாவது இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடியிற் குருதி உறைந்து வழியை அடைத்துக்கொள்ளுதலாம். அடைபட்ட சிறிது நேரத்தில் தசை இறக்கத் தொடங்குகின்றது. இறந்த தசை மீண்டும் தளிர்ப்பதில்லை. நாடியினுட் சிறு குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கும் சிகிச்சை இன்று உண்டு. நோயாளி வைத்தியசாலை வாயிலை அடைந்து 90 நிமிடத்துள் அது நடைபெறல் வேண்டுமென மருத்துவர் வரையறுத்துள்ளனர். வாயிலுக்கே வாராதவனுக்கு அவ்வரையறையாற் பயன் என்னை?

இத்தாலி நாட்டு மருத்துவர் 54 வைத்தியசாலைகளின் இருதயப் பிரிவுகளிலிருந்து கணக்கெடுத்தனர். 2019 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு வாரத்திலே மாரடைப்புற்று வந்தோர் 618 பேர். 2020 ஆம் ஆண்டில் அதே வாரத்தில் வந்தோர் 319 பேரே. வீட்டில் ஓய்ந்திருந்தமையால் நோய் குறைந்தது போலும் என்று எண்ணுவாரும் உளர். நோய் மட்டுமே குறைந்திருப்பின் வந்தோருட் சாவு பெருகுதற்கு நியாயமில்லை. ஆனால் நாடி முற்றாக அடைபடும் கொடிய வகையில், முன்னர் நூற்றுக்கு 4.1 ஆயிருந்த சாவு 13.7 ஆக உயர்ந்தது. அவருட் சிலரைத் தொற்றும் பற்றியிருந்தது மெய்யே. எனினும் வலி தொடங்கியதற்கும் சிகிச்சைக்கும் இடைப்பட்ட நேரம் நீண்டிருந்ததையும் அம்மருத்துவர் கண்டனர். ஹொங்கொங்கில் ஒரு வைத்தியசாலையில், வலி தோன்றியபின் மருத்துவ உதவியை நாட 82.5 நிமிடம் சென்ற நிலை மாறி 318 நிமிடம் சென்றது. அங்கே கணக்கிற்பட்ட நோயாளர் எழுவரே. அதனைக் கொண்டு விதி செய்தல் பொருந்தாது. எனினும் ஐந்து மணி நேரத்துக்கு மேலாக நெஞ்சைப் பிடித்தபடி வீட்டில் இருந்தவரின் அச்சம் எத்தன்மையதாயிருந்திருக்கும்!

வைத்தியசாலைக்குள்ளும் தாமதம் நேர்ந்தது. நோயாளியைத் தொற்று உண்டோ என வினவவும், மருத்துவர் காப்புடை அணியவும் நேரம் சென்றது. அதனைக் குறை கூறோம். மருத்துவரும் தாதியரும் தம்முயிரைக் காத்தாலன்றிப் பிறருயிரைக் காத்தல் இயலாது.

நாம் குறை காண்பது ஆணையின் வாசகத்திலேதான். இங்கிலாந்தில் 2020 மார்ச்சு மாதத்தில் மக்களுக்கு மூன்று ஏவல்கள் இடப்பட்டன: வீட்டிலிருத்தல், தேசிய சுகாதார சேவையைக் காத்தல், உயிர்களைக் காத்தல். சுருக்கமும் ஓசையும் உடைய வாசகமே. ஆயின் வைத்தியசாலையைக் காக்கும்படி ஏவப்பட்ட முதியவர், தாம் அங்கே செல்வதே அதற்குச் சுமையென்று கொள்ளாரோ? விதியைச் சொல்லி விலக்கைச் சொல்லாத சூத்திரம் மாணாக்கனை மயக்கும். இவ்வாசகம் நோயாளியை மயக்கிற்று. ஆணைக்கு முன்னரே, பெப்ரவரி நடுப்பகுதியிலேயே, வரவு குறையத் தொடங்கியதாதலின் முழுப் பழியையும் வாசகத்தின்மேற் சுமத்தல் நடுநிலையன்று. அச்சம் முன்னே சென்றது. ஆணை அதற்குத் துணை நின்றது. 2019 இல் வாரத்துக்கு 3017 பேராயிருந்த வரவு 2020 மார்ச்சு இறுதியில் 1813 ஆயிற்று. ஏப்பிரல் மாதத்தில், ஏனைய நோயாளரும் தயங்காது வரல் வேண்டுமெனச் சுகாதார சேவையே விளம்பரஞ் செய்தது. மே இறுதியில் வரவு 2522 ஆக ஏறியது. அச்சந் தணிந்தமையும் இதற்கொரு காரணமாகலாம். எனினும் அவ்விளம்பரம் முதல் நாளே வந்திருத்தல் வேண்டும் என்பதே எமது வாதம்.

எம் நாட்டில் 2020 மார்ச்சு 20 ஆம் நாள் மாலை ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எம்மவர்க்கோ ஊரடங்கு புதிதன்று. அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்திற் படலையைச் சாத்தும் பழக்கம் எம்முடலில் ஊறியது. போதாக்குறைக்கு, நெஞ்சுவலியை வாய்வென்று பெயரிட்டு இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்கும் வழக்கமும் உண்டு. இவ்விரண்டும் ஒருங்கு கூடிய வீட்டில் மாரடைப்புற்றவர் நிலை என்னாம்?

எமது கல்லூரியிற் பயின்றோர் பலர் இன்று கச்சேரிகளிலும் சுகாதாரப் பணிமனைகளிலும் ஆணை வரையும் பதவிகளில் இருக்கின்றனர். அவர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். இனியொரு கொள்ளைநோய் வந்து, வீட்டிலிருக்கும்படி ஒலிபெருக்கியில் அறிவிக்க நேரின், நெஞ்சு நொந்தாலும் மூச்சு முட்டினாலும் வீட்டிலிராது 1990 என்னும் இலக்கத்தை அழைக்குமாறும், அவ்வம்புலன்ஸ் வண்டிக்குக் கட்டணமில்லை என்றும், ஊரடங்கு அதனைத் தடுக்காது என்றும் அதே மூச்சில் அறிவித்தல் வேண்டும். பிற்பக்கத்திற் சிற்றெழுத்தில் அச்சிடுதல் போதாது.