புதன்கிழமையும் நம் சங்கங்களும்

நூல் கொடுத்துத் துணி வாங்குவதோடும், விதைக்கும் உரத்துக்கும் கடன் வழங்குவதோடும் கூட்டுறவுச் சங்கத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. அங்கத்தினர் வீட்டுக் குழந்தைகளின் நலமும் அதன் கவனத்துக்கு உரியதே.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகளின்படி, தமிழ்நாட்டில் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் அடிப்படைத் தடுப்பூசிகள் யாவும் பெற்ற குழந்தைகள் 2005-06இல் நூற்றுக்குச் சுமார் 81 பேர். 2015-16இல் அது 70 ஆகக் குறைந்து, 2019-21இல் 89 ஆக உயர்ந்தது. உயர்ந்தது மீண்டும் இறங்கவும் கூடும் என்பதை நாம் மறத்தலாகாது. தட்டம்மை பரவாதிருக்க, நூற்றுக்கு 95 குழந்தைகளேனும் இரு தவணை ஊசியும் பெற்றிருத்தல் வேண்டும் என்பது மருத்துவ வல்லுநர் கருத்து.

எஞ்சிய குழந்தைகள் விடுபடுவதேன்? பெற்றோரின் அறியாமையே காரணம் என்று கூறிவிடுவது எளிது. நாம் அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. தார் சுற்றும் தாய் எழுந்து சென்றால் தறி நிற்கிறது; நடவு நாளில் சென்றால் கூலி போகிறது. ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மறுநாள் வேலையும் கெடுகிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றவள் ஆறாம் வாரத்து ஊசியை அங்கே போட்டுக்கொண்டு, புகுந்த ஊர் திரும்பியபின் பத்தாம், பதினான்காம் வாரத்து ஊசிகளைத் தவறவிடுவதும் உண்டு. ஊசி இலவசமே, அதற்காக இழக்கும் பகற்பொழுது இலவசமன்று.

இங்கேதான் சங்கம் உதவ முடியும். தமிழ்நாட்டில் தடுப்பூசிக்குரிய நாள் புதன்கிழமை. நூல் வழங்குதல், துணிக் கொள்முதல், கூலிப் பட்டுவாடா ஆகியவற்றைச் சங்கங்கள் அன்று வைத்துக்கொள்ளாதிருத்தல் நலம். கிராம சுகாதாரச் செவிலியர் கேட்டால் சங்கக் கட்டடத்தை முகாமுக்கு அளிக்கலாம். வெளியூரிலிருந்து கைக்குழந்தையுடன் திரும்பும் தாய்மாரைப் பற்றி அவருக்கு உடனே தெரிவிக்கலாம். இவற்றால் சங்கத்துக்குச் செலவு ஏதுமில்லை.

ஊசி போடாதவர்க்கு நூல் இல்லை என்று நிபந்தனை விதிப்பதை மட்டும் நாம் ஆதரியோம். கட்டாயம் ஐயத்தையே வளர்க்கும். அஞ்சுவோர்க்கு அண்டை வீட்டார் பொறுமையாக எடுத்துரைப்பதே தக்க வழி.

1995இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து இயக்கம் தெருத்தோறும், வீடுதோறும் சென்றது. 2011 ஜனவரிக்குப் பின் நம் நாட்டில் இயற்கையான போலியோக் கிருமியால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை. மருந்தோடு மக்களின் ஒத்துழைப்பும் சேர்ந்ததால் விளைந்த வெற்றி அது. கூடி உழைத்தலையே கொள்கையாகக் கொண்ட நம் சங்கங்கள் இப்பணியில் பின்தங்கலாகுமா? அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே புதன்கிழமையைக் குழந்தைகளுக்கென ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்றுமாறு சங்கங்களை வேண்டுகிறோம்.