வயிற்றில் ஏன் புளியைக் கரைக்கிறது?

எஸ்பிஎம் தேர்வு முடிவு வெளியாகும் காலை. கிள்ளானில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பையன் கைப்பேசியைத் தொடவே மாட்டேன் என்கிறான். "என்னய்யா ஆச்சு?" என்று அம்மா கேட்டால், "வயித்துல புளியக் கரைக்குதும்மா" என்கிறான். அதே நேரத்தில் பிரிக்பீல்ட்ஸில், நேர்முகத் தேர்வுக்காகக் கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடக்கும் ஒரு பெண் தோழிக்கு அனுப்பும் செய்தியிலும் அதே வாசகம்தான். வாகன உரிமத் தேர்வில் மேட்டில் காரை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்க வேண்டிய அந்தச் சில நொடிகளில் இதைச் சொல்லாத தமிழர் நம்மில் குறைவு.

தைரியம் கைநழுவிப் போகிற நேரத்துக்கு நம்மிடம் இருக்கிற பெயர் இது. பொருள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்கு ஏன் புளி? ஏன் வயிறு?

முதலில் அடுக்களைக்குப் போவோம். எலுமிச்சையளவு புளியை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடுகிறோம். கொஞ்சம் ஊறியதும் கையை விட்டுப் பிசைகிறோம். நார் வேறு, கொட்டை வேறு, சதை வேறு என்று பிரிகிறது. தெளிவாக இருந்த தண்ணீர் சேறு போலக் கலங்குகிறது. இதற்குத்தான் கரைத்தல் என்று பெயர். சர்க்கரையைப் போல அது தானாகக் கரைவதில்லை. ஒரு கை உள்ளே புகுந்து அமுக்கிப் பிழிந்தாக வேண்டும்.

இப்போது அந்தக் கை உங்கள் வயிற்றுக்குள் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். யாரோ உள்ளேயிருந்து பிசைகிற உணர்வு, கலக்கம், தொண்டை வரை ஏறும் புளிப்பு. பயம் வந்தவரின் அடிவயிற்றில் நடப்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா? இதைச் சொன்னவர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. ஆனால் தினமும் குழம்பு கூட்டுகிற கைதான் இந்தச் சொல்லையும் கூட்டியிருக்கும் என்று தோன்றுகிறது.

வயிறு நம் மொழியில் உணவுக்கு மட்டும் உரிய இடமில்லை. பொறாமை வந்தால் வயிற்றெரிச்சல். பிள்ளைக்கு ஒரு துன்பம் என்றால் பெற்ற வயிறு பற்றி எரிகிறது. நல்ல செய்தி வந்து பயம் நீங்கினால் "வயித்துல பால வார்த்தே" என்கிறோம். புளி கரைந்த அதே வயிற்றில்தான் பாலும் வார்க்கப்படுகிறது. தேர்வு முடிவு நாளில் சில வீடுகளில் இரண்டும் பத்து நிமிட இடைவெளியில் நடந்துவிடும்.

நம் அண்டை வீட்டு மொழியும் இதில் நமக்கு நெருக்கம். மலாய்க்கார நண்பரிடம் கேளுங்கள். துணிவு போய்விட்ட நிலையை 'கெச்சுட் பெருட்' என்பார். 'பெருட்' என்றால் வயிறு, 'கெச்சுட்' என்றால் சுருங்குதல். வயிறு சுருங்கிப் போனதாம். இந்தோனேசிய மொழியில் அதே 'கெச்சுட்' என்ற சொல்லுக்குப் புளிப்பு என்ற பொருளும் உண்டு. நம் புளியும் அவர்களுடைய சுருக்கமும் ஏதோ ஓர் இடத்தில் சந்தித்துக்கொள்வது போல இருக்கிறது அல்லவா?

மலாயில் 'கெச்சுட் ஹாத்தி' என்றும் சொல்வார்கள். 'ஹாத்தி' மனத்தைக் குறிக்கும், ஈரலையும் குறிக்கும். நம் பாட்டிமார் "ஈரக்குலை நடுங்கிப் போச்சு" என்று சொல்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஈரக்குலையில் உள்ளது ஈரம் இல்லை, ஈரல். ஈரலும் அதைச் சேர்ந்த உள்ளுறுப்புகளும் வாழைக்குலை போல ஒரு கொத்தாகத் தொங்குவதால் ஈரற்குலை. அது பேச்சுவழக்கில் ஈரக்குலை ஆனது. 'குலைநடுங்க வைக்கும் சம்பவம்' என்று நாளிதழில் படிக்கும்போது நடுங்குவது இந்தக் குலைதான்.

ஆங்கிலேயருக்கோ வயிற்றில் வண்ணத்துப்பூச்சி பறக்கிறது, கடைசி நேரத்தில் பாதம் குளிர்ந்துபோகிறது. ஒரே அலுவலகத்தில் மூன்று மொழிக்காரர்கள் ஒரே மேலதிகாரியின் அறைக்கு வெளியே காத்திருந்தால், ஒருவருக்குப் புளி, ஒருவருக்குச் சுருக்கம், ஒருவருக்கு வண்ணத்துப்பூச்சி.

இவை வெறும் கற்பனை இல்லை என்பதை அறிவியலும் சொல்கிறது. எக்ஸ்ரே கதிர்கள் 1895இல் கண்டுபிடிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன் அந்தக் கதிர்களைக் கொண்டு விலங்குகளின் செரிமானத்தைக் கவனிக்கத் தொடங்கினார். உணவு உண்ட பூனையின் இரைப்பை அலை அலையாக அசைவது திரையில் தெரிந்தது. பூனை மிரண்டாலோ கோபப்பட்டாலோ அந்த அசைவு சட்டென்று நின்றுவிட்டது. அமைதியானதும் மீண்டும் தொடங்கியது. பின்னர் 1915இல் வலி, பசி, பயம், சினம் ஆகியவற்றால் உடலில் நேரும் மாற்றங்களைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார். 'எதிர்த்து நில் அல்லது ஓடிவிடு' என்று உடல் தயாராவதைப் பற்றி நாம் இன்று பேசுவதெல்லாம் அவர் வழியாக வந்ததுதான்.

நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. செரிமானம் இப்போது அவசரமில்லை என்று குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து, கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல் நுனி சில்லிடுகிறது. இரைப்பை மந்தமாகிறது, பெருங்குடலோ முடுக்கிவிடப்படுகிறது. தேர்வு மண்டபத்துக்குள் நுழையுமுன் கழிப்பறையைத் தேடி ஓடுவது இதனால்தான். நம் குடல் சுவரில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. பயத்தின் செய்தி வயிற்றுக்கு இவ்வளவு தெளிவாக வந்து சேர்வதில் வியப்பில்லை.

ஆக, வயிற்றில் புளி கரைகிறது என்றால் உடல் பழுதாகிவிட்டது என்று பொருளில்லை. உடல் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் பொருள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பயத்தைப் பற்றி நம்மிடம் இரண்டு வகைச் சொற்கள் உள்ளன. புளியைக் கரைக்குது, அடிவயிறு கலங்குது, கை கால் வெலவெலத்துப் போச்சு என்பவை முதல் வகை. பெரும்பாலும் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வது. இன்றைய நிலையை மட்டும் சொல்கின்றன, அதில் வெட்கம் இல்லை. தொடைநடுங்கி, பயந்தாங்கொள்ளி, கோழை என்பவை இரண்டாம் வகை. அடுத்தவர் மேல் ஒட்டுகிற முத்திரை. புளி கரைந்து முடிந்துவிடும். முத்திரை எளிதில் போகாது.

பிள்ளைகளிடம் நாம் எந்த வகையைப் பேசுகிறோம்? பள்ளி மேடையில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நாளில் "வேண்டாம்பா" என்று சிணுங்கும் மகளிடம் "இதுக்குப் போயி பயப்படுறியா, பயந்தாங்கொள்ளி" என்கிறோம். எஸ்பிஎம் தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்க ஆசைப்பட்டு, "ஏ கிடைக்காமல் போனால்?" என்று தயங்கும் மகனிடம், பல வீடுகளில் அவனுக்கு முன்னால் நமக்கே புளி கரைந்துவிடுகிறது. "எதுக்கு வம்பு, விட்டுடு" என்கிறோம். முதலாவது அவமானப்படுத்துகிறது. இரண்டாவது, பயம் வந்தால் விலகிவிட வேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிடுகிறது.

நம் பழைய இலக்கியம் பயத்தை வேறு விதமாக அளந்தது. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய தாய், மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்டுப் போர்க்களத்துக்கே போய் உடல்களைப் புரட்டித் தேடுகிறாள். அவள் பார்க்க விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: காயம் மார்பிலா, முதுகிலா. அவன் வயிற்றில் என்ன கரைந்தது என்று அவள் கேட்கவில்லை, எந்தப் பக்கம் நின்றான் என்றுதான் கேட்டாள். போர்க்களத்துக் கண்டிப்பு நமக்கு வேண்டாம். ஆனால் அந்த அளவுகோல் நல்ல அளவுகோல். நடுங்கியது குற்றமில்லை. திரும்பி ஓடினானா என்பதே கேள்வி.

வள்ளுவரும் அவை அஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். சபையைக் கண்டு நா வறண்டு போவது எல்லாருக்கும் இயல்பாக நடப்பதால்தானே பத்துக் குறள் தேவைப்பட்டது?

இன்றைய ஆய்வும் ஒரு வழி சொல்கிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடவும் பேசவும் கணக்குப் போடவும் வேண்டிய நேரத்தில் மனிதர்கள் தமக்குத் தாமே என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று சோதித்தார். "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடையில் நன்றாகப் பேசினார்கள். படபடக்கிற இதயத்தை அடக்குவது கடினம். அந்தப் படபடப்புக்கு வேறு பெயர் வைப்பது எளிது.

ஆகவே அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒருவர் "புளியைக் கரைக்குது" என்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று தள்ளிவிடாதீர்கள். "கரைக்கட்டும், எனக்கும் அப்படித்தான் இருக்கும். மெதுவா மூச்சை விடு, நான் வாசல்ல நிக்கிறேன், நீ போயிட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். புளி கரைந்ததும் யாரும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவதில்லை. வடிகட்டிக் குழம்பில்தான் ஊற்றுகிறோம்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டிமார் பயத்துக்கு வேறு சொற்களும் வைத்திருந்திருப்பார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எந்த ஊர் என்றும் குறிப்பிடுங்கள். வருகிற வாரங்களில் அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.