உதவி வேண்டாம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்

கொரோனா வந்த 2020-ல் உலகம் பெண்களுக்காக நிறையவே பேசியது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ், போர்க்களங்களில் மட்டுமல்ல, வீடுகளுக்குள்ளும் சண்டைநிறுத்தம் வேண்டும் என்றார். நல்ல பேச்சுதான். அதே நாட்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிற ஆடை பிராண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தன? ஆர்டர்களை ரத்து செய்துகொண்டிருந்தன. தைத்து, அயர்ன் செய்து, பெட்டியில் அடைத்த துணிக்குக்கூடப் பணம் தர மறுத்தன. வங்கதேசத்தில் மட்டும் ரத்தானதும் நிறுத்திவைக்கப்பட்டதும் 300 கோடி டாலருக்கு மேல் என்று அந்த நாட்டு முதலாளிகள் சங்கமே கணக்குச் சொன்னது. அதில் மெஷினில் குனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணின் கூலியும் இருக்கிறது. அதிகாரமளித்தல் அப்புறம் இருக்கட்டும், தைத்த கூலியைக் கொடுங்கள் என்று அந்தப் பெண்கள் ஊரடங்கிலும் தெருவுக்கு வந்தார்கள்.

நம் திண்டுக்கல்லுக்கு வருவோம். காலையில் மில் வேன் எந்தத் தெருவில் வந்து நிற்கிறது? நிலமில்லாத வீடுகள் இருக்கிற சேரித் தெருவில். உள்ளே போனால் டார்கெட் கேட்டுக் கத்துகிற சூப்பர்வைசர் பெரும்பாலும் ஆண், பெரும்பாலும் ஊர்த்தெருக்காரர். பெண் என்பதும் தலித் என்பதும் அங்கே இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. ஏச்சில் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

2021 ஜனவரியில், வெளிநாட்டு பிராண்டுக்குத் தைக்கும் ஆலை ஒன்றின் இளம் தலித் தொழிலாளி பிணமாகக் கிடைத்தார். கொலைக்குற்றத்தில் கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அதன்பிறகு அந்த ஆலையின் பெண்கள் பலர் தங்களுக்கு நடந்ததை வெளியே சொன்னார்கள்.

வழக்கமாக இதோடு ஒரு கண்டன அறிக்கை, ஒரு நிவாரணக் காசோலை, முடிந்தது கதை. இங்கே அப்படி முடியவில்லை. தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடவில்லை. ஆசியத் தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்றும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் கூட நின்றன. பெருந்தொற்றின் நடுவிலேயே ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் கையெழுத்திட்டது. கேப், பிவிஹெச் பின்னால் வந்தன. 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதற்குள் வந்தார்கள்.

அதில் என்ன விசேஷம்? சட்டப்படி கட்டுப்படுத்தும். ஆலை மீறினால் பிராண்டு வியாபாரத்தில் கை வைத்தாக வேண்டும். வேலைத்தளத்தில் கண்காணிப்பவர்கள் வெளியூர் ஆடிட்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற தொழிலாளிகள். (ஆடிட்டர் வருகிற அன்று மட்டும் கக்கூஸ் பளபளப்பது யாருக்குத் தெரியாது?) பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாடும் பெயர் சொல்லி எழுதப்பட்டது. பணியிட வன்முறைக்கு எதிரான ஐ.எல்.ஓ. உடன்படிக்கை 190-ல்கூடச் சாதி என்ற சொல் கிடையாது. அது நடைமுறைக்கு வந்ததே 2021 ஜூனில்தான். இந்தியா அதையும் ஏற்கவில்லை.

‘இப்படிக் கேட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும்’ என்று நமக்கு அறிவுரை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 1928-ஐ ஞாபகப்படுத்துகிறேன். பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதா வந்தபோதும் தொழிலுக்குப் பாரம் என்றுதான் எதிர்த்தார்கள். ஆணைவிடப் பெண்ணை வேலைக்கு வைப்பதில் தனி லாபம் இருப்பதால்தானே முதலாளி வைக்கிறான், அந்த லாபத்துக்குரிய பொறுப்பில் ஒரு பங்கை அவன் ஏற்கட்டும் என்று வாதாடினார் அண்ணல் அம்பேத்கர். அந்த முதலாளி இன்று ஸ்டாக்ஹோமிலும் நியூயார்க்கிலும் இருக்கிறான், அவ்வளவுதான்.

ஒரே கம்பெனியின் ஆலைகளோடு அந்த ஒப்பந்தம் நின்றது. தமிழ்நாட்டு மில்களில் வேலை செய்யும் பெண்கள் லட்சக்கணக்கில். அடுத்த கருத்தரங்குக்கு அழைக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம்: வேடசந்தூரிலிருந்து எந்தெந்த பிராண்டுக்கு நூல் போகிறது என்ற பட்டியலோடு வாருங்கள்.